இசக்கி கட்சி, பேச்சி கட்சி

இன்று காலை மாஹிம் ஸ்டேஷனுக்கு வெளியே சாயா குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் போனை என் பக்கம் திருப்பினார். இரட்டைக் குழந்தைகள், ஒரே பிஸ்கட்டுக்காக ஒன்றன் முடியை மற்றது பிடித்து இழுக்கின்றன. படம் எடுக்கும் அப்பன் முகம் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்கிறது. "மஸ்த் ஹை, நா?" என்றார் அவர், ஜோராக இருக்கிறதல்லவா என்று. தலையாட்டி வைத்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் பேச வராது. நாலாம் வகுப்போடு நின்றதால் இல்லை. வாத்தியார் அடிக்கும்போதே சத்தம் போடாதவன். ரொம்ப வருஷம் முன்னால், தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி, வடை கொண்டுபோய் மாட்டுங்காவில் விற்றேன். மற்றவர்கள் வாய்விட்டுக் கூவுவார்கள். எனக்கு ரப்பர் ஹாரன்தான். அது என்னைவிடத் தைரியசாலி.

மத்தியானம் திரும்பும்போது பாத்திரத்தின் அடியில் ஆறிப்போன வடை வாசனை வரும். இரண்டு வடை மிஞ்சினால் ஒன்றைச் சந்து முனையிலேயே தின்றுவிடுவேன். பசியால் இல்லை. ஒரே ஒரு வடை இருந்தால்தான் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள்.

எனக்கும் இரட்டைதான். அப்போது அவர்களுக்கு இரண்டரை வயது. முதலில் வந்தவனுக்கு என் மனைவி பொன்னுத்தாய் வீட்டுச் சாமி பெயர், பேச்சிமுத்து. அடுத்தவனுக்கு எங்கள் சாமி பெயர், இசக்கிமுத்து. இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று அப்படிப் பங்கு போட்டோம். பேச்சி தடியன். இசக்கி குச்சி.

பொன்னுத்தாய் அந்நேரம் பாத்திரம் தேய்க்கப் போயிருப்பாள். நான் வடையைத் தரையில் வைத்ததும் அடுத்த ரூம் சுடலை அண்ணாச்சி தகரக் கதவைத் தட்டுவார். "ஏ, வாங்கவே! ஆரம்பிச்சாச்சு!" ஐந்தாறு பேர் வாசலில் கூடிவிடுவார்கள். இசக்கி வடையை வயிற்றுக்கடியில் ஒளித்துக் குப்புறப் படுப்பான். பேச்சி அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்து, மூத்திரம் போவான். சந்தே குலுங்கும். "மாமனார் வீட்டுக் கட்சி ஜெயிச்சிட்டு! ஒம்ம சாமிக்குச் சத்து பத்தலவே" என்பார் அண்ணாச்சி. நானும் சிரிப்பேன். அந்தக் கால்மணி நேரம் சந்தில் நானும் ஓர் ஆள்.

ஒருநாள் இசக்கி சண்டை போடவில்லை. வடையைப் பார்த்தான், பேச்சியைப் பார்த்தான், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டான்.

"என்னவே, ஒம்ம சாமி ஓடிட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் இசக்கியின் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். "பயந்தாங்கொள்ளிப் பயலே, போய்க் கடில!"

சொன்னபடி செய்தான். பேச்சியின் காதைக் கவ்வியவன் விடவே இல்லை. விரலை விட்டு நான் அவன் பல்லைப் பிரித்தபோது, காதின் நுனி அவன் வாய்க்குள் இருந்தது. வாயெல்லாம் ரத்தத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தான், சரியாகச் செய்துவிட்டேனா என்று கேட்பதுபோல.

ஆஸ்பத்திரியில் பொன்னுத்தாய் கேட்டாள்: "சும்மா இருந்த பிள்ள எப்படிக் கடிப்பான்? யாரு ஏவிவிட்டது?"

"சின்னப் பிள்ளதானட்டி. தானா கடிச்சிட்டான்."

சந்தில் ஐந்தாறு பேருக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று அவள் கையால் அடி வாங்கியது இசக்கிதான்.

அதோடு விட்டேனா என்றால், இல்லை. பத்து நாள் கழித்து, பேச்சியின் காதுக்கட்டு அவிழ்க்கும் முன்பே, மறுபடியும் ஒரு வடையை வைத்தேன். அண்ணாச்சி கதவைத் தட்டினார். பிள்ளைகள் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, வடையைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்கள். வடையில் ஈ மொய்த்தது. "படம் ஓடாதுவே" என்று அண்ணாச்சி எழுந்து போனார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். அதற்குப் பிறகு என் கண்முன்னால் அவர்கள் அடித்துக்கொண்டதே இல்லை.

இப்போது அந்தச் சந்து இல்லை, தகரக் கதவுகள் இல்லை. இடித்துவிட்டுப் பெரிய கட்டிடம் எழுப்பிவிட்டார்கள். அண்ணாச்சி ஊருக்குப் போனவர், அங்கேயே செத்தும் போனார். பிள்ளைகள் பாண்டுப்பில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இன்று சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு, தாதரில் ரயில் மாறி, அங்கே போனேன்.

கதவுக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது.

"அபே, என் சட்டைய ஏன்ல போட்ட?"

"ஒன் மூஞ்சிக்கு இது வேஸ்டுல!"

ஏதோ உருண்டு விழுந்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்கவும், வெட்கப்பட்டு மணியை அழுத்தினேன்.

சட்டென்று அமைதி. இசக்கி கதவைத் திறந்து, "வாங்கப்பா" என்றான். பனியனோடு நின்றான். அதற்குள் சட்டையைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்திருந்தார்கள்.