கஞ்சி கொடுத்த டாக்டர்

சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்களுக்காகக் கொள்ளிடம் பாலத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, வருஷா வருஷம் மருத்துவ முகாம் நடத்துகிறோம். நான் அங்கே டாக்டர். வெயிலில் களைத்து வருகிறவர்கள் கையை நீட்டிக்கொண்டேதான் உட்காருவார்கள். "ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர், தெம்பா நடந்துடுவேன்." வாயால் குடிக்க முடிகிறவருக்கு அது எதற்கு என்று கேட்டால் கோபம் வரும். அதனால் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

காலி பாட்டிலும் டியூபும் பந்தலுக்குப் பின்னால் குவியும். கழிவு வண்டி வருவதற்குள் யாராவது நெருப்பு வைத்துவிடுவார்கள். அந்தப் புகையில் இருமிக்கொண்டே அடுத்த கூட்டம் வரும். அவர்களுக்கு நாங்களே இருமல் மருந்து கொடுப்போம். இதை வைத்தியம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது.

இந்த வருஷம் பாட்டில்களை நிஜமாகவே தேவைப்படுகிறவர்களுக்கென்று உள்ளே வைத்துவிட்டு, வெளியே ஒரு அண்டா நிறைய உப்புப் போட்ட கஞ்சியும் எவர்சில்வர் டம்ளர்களும் வைத்தோம். எங்கள் ஊர் கே.கே. நகரிலிருந்து நடந்து வந்த ஒருவர் தள்ளாடியபடி உள்ளே நுழைந்தார். நாடியும் பிரஷரும் பார்த்தேன். பயப்பட ஒன்றுமில்லை, வெறும் களைப்பு. டம்ளரை நீட்டினேன்.

"கஞ்சியா? இதுக்கு நான் வீட்டுலயே இருந்திருப்பேனே!"

முறைத்தார். முறைத்துக்கொண்டே மூன்று டம்ளர் குடித்தார். கொஞ்ச நேரம் பாயில் படுத்திருந்துவிட்டு எழுந்து போனார்.

சாலையில் அடுத்த கூட்டம் வந்துகொண்டிருந்தது. "அங்க போகாதீங்க! ஒரு பாட்டில் ஏத்தக்கூடத் தெரியாத டாக்டரு!" என்று பாலத்தின் அக்கரைக்கே கேட்கும்படி கத்திவிட்டு, அவர்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.