நித்திரையில் இருப்பவர்களை எழுப்புகிறவர்

லண்டன் லூயிஷாமில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அவர் இருந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டிய வெள்ளைக்காரர். மெலிந்த உடம்பு, எப்போதும் ஈரமாக இருக்கும் நீலக் கண்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் எல்லாரும் கண்ணயரும்போது, சக்கர நாற்காலியை உருட்டிப் போய் ஒவ்வொருவராகத் தட்டி எழுப்புவார்.

"அண்ணை, உங்கட சேவல் வெளிக்கிட்டுட்டுது" என்று கூட வேலை செய்யும் பிள்ளை சிரிப்பாள்.

ஏன் எழுப்புகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். ஆறுதலாக, சொல்லுச் சொல்லாக இங்கிலீஷில் சொன்னதால் எனக்கு விளங்கியது. முதலாம் உலகப் போரில் அவருடைய தகப்பன் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தாராம். பெற்றோல் இயந்திரத்தின் நச்சுக்காற்றுக்கு மணம் இல்லை. அதனால் கூண்டில் ஒரு வெள்ளை எலி வைத்திருப்பார்கள். அது சுருண்டு விழுந்தால் ஆபத்து.

"அப்பாவுக்கு அந்த எலியில சரியான விருப்பம். தன்ர பாணில பாதியை அதுக்குக் குடுப்பார். திண்டு கொழுத்து அது எந்நேரமும் நித்திரை. அண்டைக்கும் நித்திரை எண்டுதான் நினைச்சினம்."

கப்பல் கடலுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தபோது, தகப்பன் மேல்தட்டில் காவலுக்கு நின்றதால் தப்பினார். உள்ளே படுத்திருந்த ஐந்து பேர் எழும்பவில்லை. தகப்பன் சாகும்வரை அந்தப் பாணைப் பற்றியே பேசினாராம்.

அடுத்த கிழமை, அவரால் தொந்தரவு என்று முறைப்பாடு வந்தது. இனி அவரை அறையிலேயே வைத்திருக்கும்படி மனேஜர் சொன்னார். காரணம் எனக்குத் தெரியும். ஆனால் மனேஜருக்கு முன்னால் இங்கிலீஷ் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு, நானே அவரைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"அவையளை நீங்கள் பாப்பீங்களோ?" என்று அறை வாசலில் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

திரும்பி வந்தபோது கூடத்தில் எல்லாரும் நித்திரை. ஒருவரையும் எழுப்ப எனக்குத் துணிவு வரவில்லை.