பெரில் தைத்த சிவப்பு உடை

என் தங்கை பெரில், மான்செஸ்டரில் தொலைக்காட்சி நடனக்காரிகளுக்கு உடை தைப்பவள். அந்தச் சனிக்கிழமை, ஜிகினா ஒவ்வொன்றையும் கையாலேயே கோத்து அவள் தைத்த உடை முதன்முறையாகத் திரையில் வரவிருந்தது. எங்கள் அப்பாவோ சனிக்கிழமைதோறும் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்ப்பார், கால்பந்து முடிவுகளைக் கேட்பார், பிறகு நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். ஆடல் பாடலை அவர் பார்த்ததே இல்லை.

அன்றும் அவருக்குக் கண் சொக்கியது. நடனம் தொடங்கியதும் பெரில் அவர் தோளைத் தொட்டாள்.

“அப்பா, நடுவுல ஆடுறா பாருங்க, அது நான் தைச்சது.”

எங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் எல்லாமே சாம்பலாகத் தெரிந்தது. அப்பா எழுந்துபோய்ப் பெட்டியருகே மண்டியிட்டார்.

“என்ன கலரும்மா?”

“சிவப்புப்பா.”

“சிவப்பா? இன்னிக்கு கால்பந்துல நம்ம நீலச் சட்டைப் பசங்களைத் தோக்கடிச்சவனுங்க கலராச்சே, கழுதை!”

சொன்னாரே தவிர, நடனம் முடியும்வரை அங்கிருந்து எழவே இல்லை.