பெட்டிக்கு வெளியே நின்ற என் வீட்டுக்காரர்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இதை எழுத நான் பல வருஷம் தயங்கினேன். எழுத உட்காரும்போதெல்லாம் இன்னொரு பெண்ணின் முகம் முன்னால் வந்துவிடும். அவள் யாரென்று பிறகு சொல்கிறேன்.

எங்களுக்குத் தென்காசி. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் விடியுமுன் கல்லறைத் தோட்டத்தில் நின்று பாடுவேன். ஆனால் உள்ளே ஒரு சந்தேகம். சீஷர்கள் இயேசுவின்மேல் அவ்வளவு ஆசை வைத்திருந்தார்கள். உயிர்த்தெழுந்த மாதிரி அவரைக் காட்டியது அந்த ஆசைதானோ? யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு சாரல் காலத்தில் என் வீட்டுக்காரர் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார். அருவியில் திடீரென்று வெள்ளம் இறங்கியது. ஆள் திரும்பவில்லை. மறுநாள் ஒரு உடலை எடுத்தார்கள். பாறையில் மோதி முகமே இல்லை. இடுப்பில் ஒரு துண்டு. அருவியில் துண்டு மாறிவிடக் கூடாதென்று நான் சிவப்பு நூலால் போட்ட சிலுவைத் தையல் அதன் ஓரத்தில் இருந்தது.

"அவியதான்" என்றேன்.

பெட்டியை மூடியே தந்தார்கள். அடக்கத்தன்று மலையை மேகம் மூடி, பகலிலேயே வீட்டுக்குள் இருட்டு. பெட்டிமேல் கைவைத்து ஜெபித்தேன். "ஆண்டவரே, நீர் எழுந்தது நிஜமா? எனக்குக் காட்டும். இல்லாவிட்டால் இவரை மண்ணில் வைக்க எனக்குத் தெம்பில்லை."

வாசல் பக்கமிருந்து ஒவ்வொருவராக அழுகையை நிறுத்தினார்கள். நிமிர்ந்தேன். யாருடையதோ கைலியைக் கட்டிக்கொண்டு, தலையில் கட்டோடு அவர் நின்றார்.

"ஏட்டி எஸ்தரு, நம்ம வீட்டுல யாரு செத்துட்டா?"

நாத்தனார் என்னைப் பிடித்து இழுத்தாள். "மைனி, கிட்ட போவாதிய! அண்ணன் பெட்டிக்குள்ள கெடக்கான்!" அவர் கால் தரையில் பாவுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"பசிக்குது ஏட்டி. திங்க எதாவது தா."

சாவு வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி கஞ்சி கொண்டுவந்து எட்ட வைத்தார். இவர் குடித்துவிட்டு இன்னும் துவையல் கேட்டார்.

"ஏலே, பேயி தொவையல் கேக்குமா? இது நம்ம ஆளுதாம்லே!" என்றார் அண்ணாச்சி, கிட்ட வராமலே.

அப்புறம்தான் தொட்டேன். கை சூடாக இருந்தது.

என் ஜெபத்துக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. இவர் வரவேண்டுமென்று என்னைவிட ஆசைப்பட்டவர் யார்? வந்து நின்றபோது நானே நம்பவில்லையே! சீஷர்களும் ஆவி என்றுதான் பயந்தார்கள். இயேசு கையைக் காட்டி, அவர்கள் முன்னால் மீன் சாப்பிட வேண்டியிருந்தது. ஆசையால் கண்டவர்கள் அப்படிப் பயப்பட மாட்டார்கள்.

வெள்ளம் இவரைக் கரையில் வீசியிருக்கிறது. அடிபட்டு நினைவு தப்பி ரோட்டில் நடந்தவரை ஒரு லாரிக்காரர் ஏற்றிப்போய், புளியறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் விட்டிருக்கிறார். நினைவு வந்ததும், கடைக்காரர் தந்த கைலியும் காசுமாகப் பஸ் ஏறிவிட்டார்.

"துண்டு?" என்று கேட்டேன்.

"பக்கத்துல குளிச்சவன் கண்ணுல எண்ண எறங்கிட்டுன்னான். குடுத்தேன்."

எல்லோரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தோம்.

பெட்டிக்குள் இருந்தவருடைய மனைவி செய்தி கேட்டுப் பண்பொழியிலிருந்து வந்தாள். நான் சொன்ன அந்தப் பெண் இவள்தான். சமீபத்தில் சந்தையில் பார்த்தபோது, "அக்கா, ஒங்க சாமி எந்திரிச்சது நெசமா?" என்று கேட்டாள்.

"நான் கண்ணால பாக்கலம்மா. ஆனா பாத்தவிய பொய் சொல்லல. அது எனக்குத் தெரியும்."

அவள் என் கையை வெகுநேரம் விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பெட்டியிலிருந்து எழுந்தார் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். வேண்டாம். அவர் சாகவே இல்லை. பெட்டிக்குள் இருந்தவரோ திரும்பி வரவில்லை. மரணத்தை ஜெயித்தவர் ஒருவரே, அவரை நம்புங்கள். இதைப் பிறருக்குச் சொல்லும்போது கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பெண்ணை விட்டுவிட்டுச் சொல்லாதீர்கள்.