தீப்பெட்டி அட்டையில் ஒரு ஸ்டேஷன்

கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். எழுபதுகளில் அங்கே ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார். ஒல்லி உடம்பு, விரலெல்லாம் காய்ந்த பசை. வண்டி வராத நேரத்தில் அந்த ஸ்டேஷனையே தீப்பெட்டி அட்டையில் சின்னதாகக் கட்டுவார். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று அளவு.

நிஜக் கூரையில் ஓடு உடைந்து, மழை பெய்தால், வண்டியில் அனுப்ப நான் கொண்டுவந்து அடுக்கும் கடலை மூட்டைகள் நனையும். ஒருநாள் பார்த்தால், அட்டைக் கூரையிலும் அதே இடத்தில் ஓட்டை.

“ஏனுங்க சார், ஓட்டையைக்கூட உடலீங்களா?”

“உள்ளது உள்ளபடி இருக்கணும்யா. பெரிய ஆபீசர் பார்க்க வர்றார்.”

ஆபீசர் கண்ணில் பட்டால் கூரைக்கு வழி பிறக்கும் என்று நம்பினேன்.

ஆபீசர் வந்த அன்று மழை. அறையை விட்டு வெளியே வராமல் மேசைமேல் இருந்ததையே குனிந்து பார்த்தார்.

“பொம்மை பிரமாதம். இந்த ஓட்டைதான் அசிங்கம், அடைச்சிடுங்க.”

மாஸ்டர் அன்றைக்கே அடைத்தார். ஒவ்வொரு ஓடாக வெட்டி ஒட்டி, காவி பூசினார்.

“மேல எப்பங்க சார் அடைப்பீங்க?”

“அதைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலையேய்யா.”

சொல்லிவிட்டு, பசைக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நனைந்த மூட்டையை என்னோடு பிடித்து வண்டியில் ஏற்றினார். நல்ல மனுஷன்தான். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம்.