பட்டைத் தைலமும் வெள்ளை மூடியும்

பட்டைத் தைலம் பட்டு யாரோ ஒருத்திக்குக் கழுத்துத் தோல் வெந்துபோய்விட்டதாம். கீழ்வீட்டுத் தையல்காரம்மா காலையில் மாடியேறி வந்து சொன்னார். அவரிடம் துணி கொடுக்க வந்தவர் சொன்னாராம். அவரும் நேரில் பார்த்தவரில்லை. “கேள்விப்பட்டதைச் சொல்றேன், நாளைக்கு என்னை இழுத்துவிடாதீங்க” என்று முன்ஜாமீன் வேறு.

சித்தி சிரித்தார். என் அம்மாவின் தங்கை. ஒரு சென்ட் பட்டறையில் கலவை அறை வேலை. சித்தப்பாவோடு இந்த ஊருக்கு வந்த புதிதில் அட்டைப்பெட்டி ஒட்டத்தான் அங்கே சேர்ந்தார். இப்போது அவர் தலையசைக்காமல் எந்தக் கலவையும் பாட்டிலுக்குள் இறங்காது. பட்டறையில் பெயரே மூக்கம்மா. சித்தப்பா சும்மா விடுவாரா? “எதிர்வீட்டுச் சண்டையை அவங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மோந்துடுவா” என்பார்.

“அந்தத் தைலத்தை அப்படியே பூசினா வேகாம குளுகுளுன்னா இருக்கும்?” என்றார் சித்தி. “நாங்க ஸ்பிரிட்ல பத்துல ஒரு பங்காக் கரைச்சு வச்சுத்தான் தொடுவோம். அதுலயும் துளியூண்டு. சென்ட்டுல ஒரு காரமும் மரவாசமும் வேணும்னா அது இல்லாம நடக்காது. ஆனா பொல்லாதது.”

“கரைச்சது எது, கரைக்காதது எதுன்னு எப்படித் தெரியும்?” என்றேன்.

“லேபிளை நம்ப முடியாது. எண்ணெய் பட்டா மை ஓடிடும். அதனால மூடிதான். கரைக்காததுக்குச் சிவப்பு, கரைச்சதுக்கு வெள்ளை. நான்தான் அந்த வழக்கத்தையே...”

சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கைப்பையைத் தேடினார்.

முந்தின நாள் மூடிகளை எல்லாம் கழற்றிக் கழுவி, காயவைத்து, திரும்ப மாட்டிவிட்டுக் கலவையில் இறங்கியவர் சித்திதான். இரண்டு பாட்டில்களும் ஒரே பழுப்பு, ஒரே அளவு. மற்ற எண்ணெய்களை முகர்ந்துதான் ஊற்றுவார். பட்டைத் தைலத்தை மட்டும் முகர மாட்டார். முகர்ந்தால் அன்றைக்கு மூக்கு செத்தது. அதனாலேயே அதைக் கடைசியில் சேர்ப்பார், மூடியைப் பார்த்து.

கைப்பையைத் துழாவி ஒரு காகிதக் கீற்றை எடுத்தார். அன்றன்று கலந்ததில் நனைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் முகர்ந்து பார்ப்பது அவர் பழக்கம். மூக்கருகே வைத்தவர் முகம் சுண்டிப்போனது. என்னிடம் நீட்டினார்.

“நீ பாரு. உன் மூக்குல என்ன சொல்லுது?”

காரத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

“இவ்வளவு நேரத்துக்கு அடங்கியிருக்கணும். மூடி மாறியிருக்கு.”

அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. அதே கலவையில் ஒரு குட்டிப் பாட்டில் நிரப்பி, சற்றுமுன் புது வேலைக்கு முதன்முறையாகக் கிளம்பிய மகளின் பையில் சித்தியே வைத்திருந்தார். சோப்பு மாறினாலே தடித்துச் சிவக்கிற தோல் அவளுக்கு. கடைச் சென்ட் எதுவும் ஒத்துக்கொள்ளாது என்றுதான் அவளையும் மனதில் வைத்து இந்தக் கலவையைப் பார்த்துப் பார்த்து மென்மையாகக் கலந்தார். “வீட்டுல போடாதே, வேர்த்துப் போகும். ஆபீஸ் வாசல்ல போட்டுக்கோ” என்று சொல்லியனுப்பியதும் அவர்தான்.

“பட்டறைக்குச் சொல்லு முதல்ல. பாட்டில்ல ஊத்திடப் போறாங்க” என்றார் சித்தப்பா.

“முதல்ல புள்ளை.”

அழைத்தார். எடுக்கவில்லை. நான் என் போனிலிருந்து, ‘அந்த சென்ட்டைத் தொடாதே, தொட்டிருந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவு’ என்று செய்தி அனுப்பினேன். அவள் பார்த்ததாகக் காட்டவில்லை.

சித்தி பட்டறைக்குப் போன் போட்டார். மேலாளர் எடுத்தார்.

“நேத்து நான் கலந்ததைத் தொடாதீங்க. மூடியை மாத்தி மாட்டிட்டேன். என் தப்பு.”

“மூக்கம்மா, நீங்களா? விளையாடாதீங்க.”

“எனக்கு விளையாட நேரமில்லை தம்பி. தொடாதீங்க.” வைத்துவிட்டார்.

“பஸ்ஸுல இருப்பா. சத்தத்துல கேட்டிருக்காது” என்றார் தையல்காரம்மா. அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது.

“பஸ்ஸுலயே இருக்கட்டும். இறங்காம இருக்கட்டும்” என்றார் சித்தி.

சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, பித்தான் போடாமலேயே படியிறங்கினார். அவள் அலுவலகம் எந்தத் தெரு என்றுகூட அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

சித்தி மறுபடி எண்ணை அழுத்தி, எங்களுக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார்.

“எடுடா கண்ணு. எடு.”

மணி போய்க்கொண்டே இருந்தது.