ஐந்து சுற்று சகினாலு

வாய்க்குப் பயந்தாலும் விரலுக்கு ஆசைப்பட்டுத்தான் அந்தத் தெரு லசுமவ்வாவைக் கூப்பிடும். சங்கராந்திக்கு ஒரு வாரம் முன்பே தெலங்கானாவின் ஜகித்யால் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துச் சகினாலு என்கிற கைமுறுக்கு சுற்றுவார்கள். ஈர அரிசிமாவில் எள்ளும் ஓமமும் போட்டுப் பிசைந்து, அச்சு கிச்சு எதுவும் இல்லாமல், விரலிலேயே திரித்துத் துணியின் மேல் வளையம் வளையமாக இடவேண்டும். மற்றவர்கள் மூன்று சுற்றுக்குள் திணறிப் போவார்கள். லசுமவ்வா நாலு சுற்று போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவளின் சகினாலைப் பார்த்து, “இதென்னடி, எருமை வாலைச் சுருட்டி வச்சிருக்கே?” என்பாள். வருஷம் முழுக்க பீடி சுற்றிய விரல்கள். அவளிடம் அது ஒன்றுதான் சொல்பேச்சு கேட்டது.

மற்றதெல்லாம் கைவிட்டுப் போனதுதான். இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. தறி நின்றது. புருஷன் ராஜலிங்கம் கொத்து வேலைக்கு மஸ்கட் போய்ப் பதினோரு வருஷமாகிறது. நாலு தடவை வந்துபோனான். ஆனால் வெள்ளிக்கிழமை போன் மட்டும் தவறாது. சங்கராந்தி நெருங்கினால், “எனக்கு அஞ்சு சுத்து போட்டியா?” என்று கேட்பான். ஊருக்கு நாலு, அவனுக்கு ஐந்து. லீவு முடிந்து திரும்புகிற யாராவது ஒருவன் கையில் டப்பா போய்விடும்.

இந்த வருஷம் இரண்டு வெள்ளி போன் வரவில்லை. எதிர்வீட்டுச் சாயம்மாவிடம் போய்க் கேட்டாள். சாயம்மாவின் புருஷன் மஸ்கட்டில் அதே அறையில் இருப்பவன்.

“புது இடத்துக்கு வேலைக்கு மாத்திட்டாங்களாம் மதினி. அங்க டவர் கெடைக்கலையாம்” என்றாள் சாயம்மா, முறத்தைப் பார்த்தபடி.

லசுமவ்வா நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்?

சகினாலு நாட்கள் தொடங்கின. மூன்று வீடுகளில் துணி விரித்தார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. எருமை வால் என்றது உறைத்துவிட்டது போலிருக்கிறது, இத்தனை ரோஷக்காரிகளா என்று நினைத்தாள். நாலாம் நாள் அழைப்பில்லாமலே சாயம்மா வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் ஆறேழு பெண்கள். இவள் தலையைக் கண்டதும் பேச்சு நின்றது.

“என்னங்கடி, என்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தீங்களா? நான் இல்லாம சுத்தினா இப்பிடித்தான், கோணக்கால் கோழி நடந்த மாதிரி இருக்கும்.”

ஆறேழு தலைகளும் துணியின் மேல் குனிந்தன. மாவைத் தொடப் போனபோது சாயம்மா மெதுவாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ உக்காரு மதினி. டீ குடி.”

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மரியாதை அவளுக்குப் பழக்கமில்லாதது. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். வீட்டில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. இடித்தாள், சலித்தாள், பிசைந்தாள். முற்றத்தில் அவனுடைய பழைய வேட்டியை விரித்து ஒற்றை ஆளாகச் சுற்ற உட்கார்ந்தாள். நாலு சுற்றில் இருபது. கடைசியாக ஐந்து சுற்றில் பன்னிரண்டு. துணி ஈரத்தை இழுப்பதற்குள் அடுப்பை மூட்டி எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள்.

சாயம்மா கூடையோடு ஓடிவந்தாள்.

“சட்டி வேண்டாம் மதினி. எறக்கு. நாங்க கொண்டாந்திருக்கோம்.”

லசுமவ்வா கூடையைப் பார்த்தாள். மேலே சாயம்மாவின் எருமை வால். அதன் கீழே மூலைவீட்டுக்காரியின் தடித் திரி. ஓமம் அள்ளிப்போட்டுக் கறுத்தது இன்னொருத்தி கை. நாலு வீட்டுச் சகினாலு. பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொள்வார்கள்தான், ஆனால் அவரவர் வீட்டில் சுட்ட பிறகு. சட்டியை ஏற்றவிடாமல் கூடை வருவது ஒரு வீட்டுக்குத்தான். சாவு விழுந்த வீட்டுக்கு.

“எப்போ?” என்றாள்.

“இன்னையோட பதினஞ்சு நாள். சாரம் சரிஞ்சிருச்சாம். பெட்டி நாளைக்கு வருது. ஒடம்பு வர்ற வரைக்கும் சொல்லவேண்டாம்னு ஒன் கொழுந்தன்தான்...”

“பதினஞ்சு நாளும் என் நெத்திப் பொட்டைப் பாத்துக்கிட்டேதான் இருந்தீங்களாடி?”

சாயம்மா அழுதாள். லசுமவ்வாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ஒரு தெரு மொத்தமும் அவளுக்கு முன்னால் அவனை இழந்து, அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவும் பிசைந்துவிட்டது. கட்டியவள் கடைசி ஆள். இதற்கு இரக்கம் என்று பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது? கைத்துணி பிடித்து அவளே சட்டியை இறக்கினாள். எண்ணெய் அப்போதுதான் காய்ந்திருந்தது.

வேட்டி மேல் கிடந்ததைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை. மறுநாள் மதியம் பெட்டி வந்தபோது வளையங்கள் வெயிலில் வெளிறிக் காய்ந்திருந்தன. பெட்டி வைக்க முற்றத்தில் இடம் போதவில்லை. நாலு ஆண்கள் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்க, கொழுந்தன் குனிந்து வேட்டியின் ஒரு முனையை இழுத்தான்.

அதுவரை சுவரில் சாய்ந்திருந்த லசுமவ்வா பதறி எழுந்தாள்.

“மெதுவா இழு. அந்த ஓரத்துல இருக்கிறது அவருது. ஒடஞ்சிரும்.”